பெரிய பழுதாக இருக்க வேண்டும்

என் தம்பி இறந்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள். "மாமா, அந்த ஆர்கனை எடுத்துட்டுப் போயிடுங்க. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குது, என்னால முடியல." மறுநாளே குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். அவன் உயிரோடு இருந்து கூப்பிட்டபோது எட்டு மாதம் போகாதவன் நான்.

கரண்டில் வாசிக்கிற அந்த ஆர்கன் ஐம்பது வருடப் பழசு, ஜப்பானில் செய்தது. ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரம்மா சொந்த ஊருக்குத் திரும்பும்போது தம்பியிடம் விட்டுப் போனது. இரண்டு அடுக்குக் கட்டைகள், காலால் அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெடல், பீரோ கனம். தம்பி மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். மேடைக்குச் சின்னக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்தால் இதன் முன்னால்தான் உட்காருவான், சாப்பாடு ஆறிப்போனாலும் எழமாட்டான்.

அது ஒருநாள் ஊமையாகிவிட்டது. "லைட்டு எரியுது, சத்தம் மட்டும் வரல. வந்து பாருண்ணா" என்றான். நான் வேங்கிக்காலில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அரை மணி நேர பஸ் பயணம். "ஞாயித்துக்கெழம வரேன்டா" என்றேன். அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டம், பஸ்ஸில் இடமில்லை என்பேன். பௌர்ணமி மாதத்துக்கு ஒன்றுதான் வரும். என் சாக்கில் அது வாரம் ஒன்று வந்தது.

உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்யாண வரவேற்புக்குத் தம்பியின் குழுவை வைக்காமல் சென்னையிலிருந்து டிஜேவைக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், நானும் தலையாட்டினேன். தம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டான், பிறகு பந்தியில் பரிமாறினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவன் கேட்காததால் அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றானாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எட்டு மாதம் ஆர்கனை வாசிக்காமலே போய்ச் சேர்ந்தான்.

ஆர்கனைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. வாசற்படியில் சிக்கிக்கொண்டது, கால்களைக் கழற்றி, போர்வை சுற்றி, பக்கவாட்டில் சாய்த்து வெளியே கொண்டுவந்தோம். அன்று நிஜமாகவே பௌர்ணமி. ஊருக்குள் வண்டி விடவில்லை. பைபாஸில் சுற்றிக்கொண்டு வந்தோம். நான் பின்னால் ஆர்கனோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். அவனை நாலு வார்த்தை திட்டினேன்.

வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்த பிறகும் இரண்டு வாரம் அதைத் திறக்கவில்லை. கைவசம் இருந்த கண்டென்சர்களையெல்லாம் எடுத்து வைத்தேன். சர்க்யூட் படத்தைத் தேடிப் பிடித்து, பெரிய தாளில் அச்செடுத்தேன். பழுது பெரிதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். ஐசி எரிந்திருக்க வேண்டும், அது உலகத்திலேயே எங்கும் கிடைக்கக் கூடாது. அப்போதே போயிருந்தாலும் ஒன்றும் கிழித்திருக்க மாட்டேன் என்று ஆக வேண்டும். அண்ணாமலையாரிடம் அதைத்தான் கேட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. பெடலிலிருந்து வரும் வயர், இணைப்பில் விட்டுப்போயிருந்தது. மெல்லிய சிவப்பு வயர். பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினேன். கூடம் நிறைய சத்தம் வந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்து, "ஆயிடுச்சா?" என்று சிரித்தாள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வாரம் தம்பி மனைவி வாரிசுச் சான்றிதழ் விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவள், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். காபி குடித்துக்கொண்டே ஆர்கனைப் பார்த்து, "சத்தம் வருதா மாமா?" என்று கேட்டாள்.

"வருதும்மா. பெரிய ரிப்பேரு. ஐசி போயிடுச்சு, பார்ட்ஸ் கிடைக்கறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. அப்பவே வந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது" என்றேன். இந்தப் பொய்யை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெடல் வயருதான் புட்டுக்கிச்சுன்னு அவரு சொன்னாரே மாமா. மேடையில எத்தினி வாட்டி இந்த மாதிரி அவரே ஒட்டியிருக்காரு. அப்ப ஒட்டிடுங்களேன்னு நான் கூட சொன்னேன். 'நீ சும்மா இரு, இதுக்குத்தான் அண்ணன் வரணும்'னாரு. நீங்க வரேன்னு சொல்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் கறி அரை கிலோ ஜாஸ்தி எடுத்துட்டு வருவாரு."

அவள் குறை சொல்லவில்லை. என் பொய்யைப் பிடித்துவிட்டதாகக் கூடக் காட்டிக்கொள்ளவில்லை. ஐசியும் போயிருக்கும் போல என்று அவளே சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். தம்பி இறந்த அன்று பந்தல்காரனையும் ஐஸ் பெட்டியையும் தேடி ஓடிக்கொண்டிருந்தேன், அழ நேரமில்லை. இப்போது ஆர்கனுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மனைவி வந்து தோளைப் பிடிக்கும் வரை சத்தம் போட்டு அழுதேன்.