வெளுத்துப்போன உதடு

பாஞ்சாலி இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். ஆறு மாதப் பயிற்சி, விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு வார்டு, பிறகு வீடு வீடாக. துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், மாத்திரை கொடுப்பாள். ஊசி மட்டும் தொடமாட்டாள். அது நர்ஸும் டாக்டரும் படித்த படிப்பு. எத்தனையோ பேர் கெஞ்சியும் அவள் அசைந்ததில்லை.

அன்று திண்டிவனத்தில், காலில் மாவுக்கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வீட்டில் ராத்திரி டியூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தங்கை மகள் சங்கவி உதட்டில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். டவுனில் ஜவுளிக்கடை வேலைக்காகப் பெரியம்மாவோடு தங்கியிருக்கிற பெண். பத்து நாளில் நிச்சயதார்த்தம். உதடு எடுப்பாகத் தெரியட்டும் என்று, முந்தின நாள் சாயங்காலம் கலையரசியின் பியூட்டி பார்லரில், உதட்டை உப்ப வைக்கிற ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டாளாம். விடிய விடிய வலி, உதடும் வெளுத்துவிட்டது. கலையரசிக்குப் போன் போட்டதற்கு, வெள்ளையாவது நல்லதுதான், பிரைட்டாகிறது, ஐஸ் வை என்றிருக்கிறாள்.

ஏழு வருஷமாக மணப்பெண்களின் முகத்தை வெளுப்பாக்குவதே கலையரசிக்குத் தொழில். வெளுப்பு கெடுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சங்கவிக்கும் தோன்றவில்லை.

மாவுக்கட்டுக் காலின் விரல்நகத்தை அழுத்தி விட்டுப் பார்ப்பது பாஞ்சாலியின் வழக்கம். விட்டதும் சிவப்பு திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. அதே கையால் சங்கவியின் மேலுதட்டை அழுத்தி விட்டாள். சிவப்பு திரும்பவில்லை. மூக்கோரம் வரை தோலில் வலைவலையாக நீலம் பாய்ந்திருந்தது.

"ஐஸைத் தூக்கிப் போடு. கிளம்பு."

"நீ இன்னும் தூங்கவே இல்லியே பெரியம்மா."

"தூக்கம் எங்க ஓடிப்போவுது. இதுக்கு ரத்தம் போவல. வுட்டா உதடு அழுவிப் போவும்."

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் பழக்கமான தோல் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். கண்ணுக்குப் போகிற ரத்தமும் அடைபடலாம் என்பதால், பார்வை மங்குகிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இல்லை என்றதும், ரத்தக்குழாயை அடைத்த மருந்தைக் கரைக்க வேண்டும், என்ன மருந்து என்று பார்த்து டப்பாவோடு உடனே வா என்றார்.

ஆட்டோ பார்லர் வாசலில் நின்றது. கலையரசி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் இரண்டு நாள் ஊசிப் பயிற்சிக்கான சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. பாஞ்சாலி மருந்து டப்பாவைக் கேட்டதும், கொடுத்தால் தன் பெயர் வெளியே வரும் என்று கலையரசி தயங்கினாள்.

"எல்லா மருந்தும் கரையாது கலையரசி. இன்னா மருந்துன்னே தெரியாம அவங்க எதைக் கரைப்பாங்க? ஜல்தியா குடு."

குப்பைக்கூடையைக் கிளறி எடுத்துக் கொடுத்தாள். "நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும். இன்னான்னு தெரியாமயே பண்ணிட்ட. அதான் பேஜாரே."

விழுப்புரம் போக பஸ்ஸில் ஒரு மணி நேரம். டாக்டரம்மா டப்பாவைப் படித்தார். நல்லவேளை, கரைகிற ரகம். கரைக்கிற ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார், மறுபடி போட்டார், மூன்றாவது தடவையும் போட்டார். ஊசி ரத்தக்குழாயை அடைப்பது டாக்டர் கையிலும் நடக்கலாம் என்றார். நடந்த நிமிஷமே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், கரைக்கிற மருந்து பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஊசி போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஒரு ராத்திரி வீணாகிவிட்டதில்தான் அவருக்கு வருத்தம்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் பாஞ்சாலி உதட்டை மறுபடி அழுத்தினாள். சிவப்பு மெதுவாக வந்தது. ஓரத்தில் அரிசி அளவு இடத்துக்கு மட்டும் வரவில்லை.

"நிச்சயத்துக்குத் தழும்பு தெரியுமா பெரியம்மா?"

"தெரியும். உதடு இருக்குதே, போதும்."

சாயங்காலம் டியூட்டிக்கு அரை மணி தாமதமாகப் போனாள். பெரியவர் முனகினார். கட்டுக்கு வெளியே தெரிந்த அவர் கட்டைவிரலை அழுத்தி விட்டாள். சிவப்பு உடனே திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.