நூற்று அறுபத்திரண்டு கிராம்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் புஷ்பலதா ஒன்பது வருடமாகச் சரக்குச் சோதிக்கும் வேலை பார்த்தாள். பக்கெட் மூடியோ சுவிட்சுப் பெட்டியோ, அச்சிலிருந்து எது வந்தாலும் அவள் கையெழுத்து இல்லாமல் வேனில் ஏறாது. முப்பத்தெட்டு வயது. பம்மலில் அம்மாவோடு இருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம், "இப்போ உங்களுக்கு இன்னா வேணும்?" என்று திருப்பிக் கேட்பாள். இரண்டாவது தடவை யாரும் கேட்டதில்லை.

ஒரு கார்த்திகை மாதம் கம்பெனிக்குப் புதுசாக ஓர் ஆர்டர் வந்தது. டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, விளிம்பு தடித்த ஒரு வட்டைக் கையால் வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் போடுகிறவர் ஜெயித்தவர். விளையாட்டுச் சாமான் வியாபாரி வேதசிரோமணி அச்சைக் கொண்டுவந்து கொடுத்ததோடு, கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஒரு கூடையையும் நட்டுவிட்டுப் போனார். எறிந்து பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

மெஷின் ஓட்டும் பாலு எறிந்தான். வட்டு மதில் சுவரில் மோதியது. முதலாளி ஸ்ரீநிவாசராகவன் எறிந்தது அவருக்கே நாலடி முன்னால் விழுந்தது. புஷ்பலதா பள்ளிக்கூடத்தில் வட்டெறிதலில் மாவட்டப் போட்டி வரை போனவள். பத்தாவதோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த வீச்சு வேறு, இந்த வீச்சு வேறு. ஆனாலும் இடுப்பைத் திருப்பி அவள் விட்ட வட்டு தாழப் பறந்து போய்ச் சங்கிலியில் சலசலவென்று விழுந்தது.

"அக்கா, இத்தினி நாள் எங்க ஒளிச்சி வச்சிருந்த?" என்றான் பாலு.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அவள் மனைக்குப் போய்விடுவாள். ஒரே அச்சில் வந்த வட்டுகளும் எடை மாறினால் குணம் மாறும் என்பதை எறிந்து எறிந்தே கண்டுபிடித்தாள். லேசான வட்டுக்குக் குறைந்த பலம் போதும். நன்றாக மிதக்கும். ஆனால் எதிர்க்காற்றில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வலது கைக்காரிக்கு வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடும். கனமானதை வேகமாக விட வலு வேண்டும். காற்று எதிர்த்தாலும் அது போட்ட கோட்டில் போய், கடைசியில் இடப்பக்கம் மெல்ல இறங்கும். வேதசிரோமணி கேட்டிருந்தது கனமான வகை, நூற்று எழுபத்தைந்து கிராம்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு மே மாதத்தில் ஒருநாள் ஸ்டோர் ரூமில் மூட்டை மாறி, உருக்கி வார்க்கும் கனமான பிளாஸ்டிக் குருணைக்குப் பதில் லேசான குருணை மெஷினுக்குள் போய்விட்டது. அறுநூறு வட்டுகள் வந்து குவிந்த பிறகுதான் புஷ்பலதா ஒன்றை எடை மெஷினில் வைத்தாள். நூற்று அறுபத்திரண்டு. அடுத்தது நூற்று அறுபது. பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. டெலிவரிக்கு மூன்றே நாள்.

முதலாளி வட்டை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். "பதிமூணு, பதினஞ்சு கிராம்தானேம்மா. நூத்தி எழுபத்தஞ்சு ஸ்டிக்கரே ஒட்டிடலாம். யாருக்குத் தெரியப்போறது?"

"எறியறவங்களுக்குத் தெரியும் சார். வாங்க, காட்றேன்."

மணி மூன்றரை. பல்லாவரம் தாண்டிக் கடற்காற்று வந்து சேரும் நேரம். மனையில் பிளாஸ்டிக் பைகள் மேற்கே பறந்துகொண்டிருந்தன. புஷ்பலதா காற்றுக்கு எதிரே நின்று, பழைய சரக்கில் கனமான ஒன்றை எடுத்து வீசினாள். அது நேராகப் போய்க் கூடைக்கு இரண்டடி இடப்பக்கம் இறங்கியது. அதே இடத்தில் நின்று, அதே வேகத்தில் புதுச் சரக்கை வீசினாள். பாதி தூரத்தில் அது தலைதூக்கி, வலப்பக்கம் கவிழ்ந்து, பக்கத்துக் கம்பெனியின் தகரக் கூரையில் டமாலென்று விழுந்தது.

"கை தப்பியிருக்கும்," என்றார் முதலாளி.

இன்னும் இரண்டு வீசினாள். இரண்டும் அதே கூரைக்குப் போயின. பிறகு திரும்பி நின்று, காற்று போகும் பக்கமாக இரண்டு வகையையும் விட்டாள். இப்போது லேசானதுதான் இருபதடி கூடுதலாக மிதந்து போனது.

முதலாளி முகம் மலர்ந்தது. "பாத்தியா, இதுதான் ஜாஸ்தி தூரம் போறது. அப்புறம் என்ன?"

"போகும் சார், இல்லன்னு நான் சொல்லல. புதுசா கத்துக்கறவங்களுக்கு, பசங்களுக்கு இது நல்ல சரக்கு. நூத்தி அறுபத்திரண்டுன்னே போட்டுக் குடுங்க. கனம்னு நெனச்சி ஒருத்தர் எதிர்க்காத்துல இத எறிஞ்சா, தன் கையில தப்புன்னு நெனச்சிப்பாங்க. தப்பு நம்ம ஸ்டிக்கர்ல கீது."

"நீ கையெழுத்து மட்டும் போடு. பேச்சு வேணாம்."

"போட மாட்டேன் சார்."

ஒன்பது வருடத்தில் அவள் அவருக்கு அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன கையோடு, கூரையில் மாட்டிய வட்டுகளை எடுக்கப் போனாள்.

அன்று மாலை பாலுவை உட்காரவைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார் முதலாளி. அவன் தலை நிமிராமல் ஒட்டினான். மறுநாள் முதலாளி வெளியூர் போயிருந்தார். புஷ்பலதா பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு வட்டையும் எடை மெஷினில் வைத்து, அடிப்புறத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் உள்ள எடையை எழுத ஆரம்பித்தாள். மேலே நூற்று எழுபத்தைந்து ஸ்டிக்கர், கீழே அவள் எழுத்தில் நூற்று அறுபத்தொன்று, நூற்று அறுபத்திரண்டு.

"அக்கா, வேலை பூடும்," என்றான் பாலு.

"போனா போவட்டும். அடுத்த பொட்டிய எட்த்தா."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அறுநூறும் முடிந்தபோது அவளுடைய விரல் நுனியெல்லாம் கறுப்பாகியிருந்தது.

அடுத்த நாள் காலை முதலாளி ஒரு வட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. தின்னர் டப்பாவைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்து, "எல்லாத்தையும் துடை," என்றார்.

"எழுதினது நான். தொடைக்கணும்னா நீங்க தொடைங்க சார்."

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் வேன் வந்து நின்றது. வேதசிரோமணி உள்ளே வந்து ஒரு வட்டை எடுத்தார், திருப்பினார். "இது என்ன நம்பர்?"

"பேட்ச் நம்பர்," என்றார் முதலாளி.

"எடை சார்," என்றாள் புஷ்பலதா. "குருணை மாறிப்போச்சி. அறுநூறும் லேசு."

வேதசிரோமணி தானே நாலைந்தை எடை பார்த்தார். யாரையும் திட்டவில்லை. பள்ளிக்கூட முகாமுக்கு இருநூறு லேசான வட்டு தேவைப்படுவதாகச் சொல்லி, அவற்றின் ஸ்டிக்கரை மட்டும் உரித்து மாற்றச் சொன்னார். மீதியை வேண்டாம் என்றார். கனமான சரக்குக்குப் பத்து நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை புஷ்பலதா வந்தபோது அவள் மேசையில் வேறொருத்தி இருந்தாள். புஷ்பலதாவுக்கு, வார்த்த சாமானின் ஓரத்துப் பிசிறு வெட்டும் பெஞ்சில் இடம். சேர்ந்த புதிதில் அவள் உட்கார்ந்த பெஞ்சு அது. வேலையை விட்டுத் தானே ஓடிவிடுவாள் என்று முதலாளி எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கத்தியை எடுத்துத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வழக்கம்போல மனைக்குப் போய் எறிந்தாள். கூடையைப் பிடுங்கச் சொல்ல முதலாளிக்கு வழியில்லை, அது வியாபாரியின் சொத்து.

இரண்டு மாதம் கழித்து அவரே பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு மன்னிப்பு கேட்டுடு. பழைய சீட்டுக்கே போய்க்கோ."

"எதுக்கு சார் மன்னிப்பு?"

அவர் பெஞ்சில் கிடந்த ஒரு மூடியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

தை மாதத்தில் அதே தொழிற்பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சோதனை வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். புஷ்பலதா போனாள். அந்தக் கம்பெனி மேனேஜர் கோகிலவாணி, இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார். புஷ்பலதா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், மார்க்கர் பேனா உட்பட.

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்க சரக்குல தப்பு இருந்தாலும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"மொதல்ல உங்ககிட்ட சொல்வேன் மேடம். கேக்கலன்னா எழுதுவேன்."

"எப்போ சேர முடியும்?"

"நாளைக்கே," என்றாள் புஷ்பலதா.