கடைசி ரீல் வரவில்லை

போன சனிக்கிழமை மாட்டினி ஷோவுக்கு ஒரு மர்மப் படம் பார்த்தேன். கொலைகாரன் யார் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து கார்டு போட்டுச் சொல்ல வேண்டாம்.

என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே... ரசம் சாதத்தில் விழுவதற்குள் மோர் எங்கே என்று கேட்கிறவன். அப்படிப்பட்டவன் மர்மப் படத்துக்குப் போகலாமா? போகக் கூடாது. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒன்று விடாமல் போகிறேன்!

இந்தப் படங்களில்தான் எத்தனை ரகம்! கொன்றவன் யார் என்று கடைசி வரை மூடி வைக்கிற துப்பறியும் படம் ஒன்று. வில்லன் பாலில் விஷம் கலப்பதை நமக்கு மட்டும் காட்டிவிட்டு, கதாநாயகி டம்ளரை எடுக்கும்போது நம்மைத் துடிக்க வைப்பது இன்னொன்று. பெண்கள் பகுதியிலிருந்து, "குடிக்காதேடி!" என்று அலறல் கேட்குமே, அந்த ரகம். ஓடும் ரயிலில் தாவுகிற ஸ்டண்ட் படம் உண்டு. யுத்தம் வந்த பிறகு உளவாளிப் படம் வேறு.

நான் பார்த்தது முதல் ரகம். கூட வந்தவர் இப்ராஹிம் பாய். பெரிய கடை வீதியில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருப்பவர். வந்தார் என்பதைவிட, நான் இழுத்துப் போனேன் என்பதே சரி. அவருடைய ஒரே மகன் யூசுப் ரங்கூனில் வேலையாக இருந்தான். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து தகவலே இல்லை. பர்மாவிலிருந்து காட்டிலும் மலையிலும் நடந்தே தப்பி வந்தவர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் அல்லவா? அதனால் பாய் தினமும் சாயங்காலம் ஜங்ஷனில் போய் நிற்கிறார். கொஞ்ச நேரமாவது மனுஷர் மறந்திருக்கட்டுமே என்று நினைத்தேன்.

படத்தில் துப்பறிவாளர், "கொலைகாரன் இந்த அறையிலேயே இருக்கிறான்" என்றார். திரைச்சீலையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார். பளிச்சென்று கொட்டகையில் விளக்கு எரிந்தது!

"பொறுத்துக்கங்க! கடைசி ரீல் உறையூர்லேருந்து வரணும்! சைக்கிள் பஞ்சராம்!" என்று மானேஜர் கத்தினார். இரண்டு கொட்டகைக்கு ஒரே படப்பெட்டி. அங்கே ஓடி முடிந்த ரீல் ஒவ்வொன்றாகச் சைக்கிளில் இங்கே வர வேண்டும்.

ஒரே விசில், கூச்சல். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"காலாட்டாதீங்க சாமி, பெஞ்சே ஆடுது" என்றார் பாய்.

"உமக்குப் பதைக்கவில்லையா?"

"இதுல என்னங்க பதைப்பு? சைக்கிள்ல வருதுன்னு சொல்லிட்டாங்க. எப்படியும் வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. நாம் காசு கொடுத்துத் தவிப்பை வாங்குகிறோம். அது தீர்ந்துவிடும் என்ற நிச்சயத்தையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாய் வீட்டில் ஓடுகிற படத்துக்கு அந்த நிச்சயம் ஏது?

"மணி என்னங்க? ரயில் வர்ற நேரமாச்சே. நீங்க இருந்து பாருங்க, நான் போயிட்டு வரேன்" என்று எழுந்தார். நானும் கிளம்பினேன். குதிரை வண்டி என்னமோ நகரவே மாட்டேன் என்றது. நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே ரயில் வந்து நின்றிருந்தது.

பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தோம். மூட்டைகள், போர்ட்டர்கள், பட்டாளத்துக்காரர்கள்... யூசுப் மட்டும் இல்லை. பாயின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அத்தா!"

திரும்பினோம். இப்போதுதான் எங்களைக் கடந்து போன ஆள். தாடியும் குழிந்த கண்ணுமாக, எலும்பும் தோலுமாக நின்றான்.

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க... நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான்தான் அத்தா... யூசுப்."

முடிவு தெரிந்ததும் கொட்டகையில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறோம், இல்லையா? இப்ராஹிம் பாய் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.