ஞானப்பல்லும் அப்பாவின் முகமும்

என் முகத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்ததென்றால் அது நாடிதான். அகலமான, சதுரமான, ஆம்பிளை நாடி. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவள், "உனக்கு மீசை ஒண்டுதான் குறை" என்றாள். அந்தத் தவணை முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை. இப்போது கண்டாலும் சும்மா ஒரு சிரிப்போடு விலகிவிடுவேன்.

ஆகவே கீழ்வாயின் வலப்பக்கக் கடைசியில் ஞானப்பல் ஒன்று முளைக்க இடமில்லாமல் படுத்துக்கிடந்து வருத்தத் தொடங்கியபோது, அந்த நோவுக்குள்ளும் எனக்கொரு சந்தோஷம். ஞானப்பல் பிடுங்கியபின் முகம் மெலிந்து நாடி கூராக வந்துவிட்டதென்று ஒருத்தி முன்னும் பின்னுமாக இரண்டு படம் போட்டிருந்ததைக் கைபேசியில் பார்த்திருந்தேன். நோவுக்கு நோவும் போகும், நாடிக்கு நாடியும் போகும். வேறென்ன வேண்டும்?

"பல்லைப் பிடுங்கப்போறன் அம்மா. முகமும் கொஞ்சம் மெலியுமாம்."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"உனக்கென்ன விசரே? உது கொப்பற்றை நாடியடி. அதை மாத்த உனக்கு ஆர் உரிமை தந்தது?"

அப்பாவின் நாடி என்பதால் என் நாடியில் எனக்கே உரிமையில்லாத வீடு எங்கள் வீடு. ஏனென்று சொல்ல வேண்டும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது சண்டை மூண்டு, உரும்பிராயை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். வீட்டையும் தோட்டத்து வெங்காயத்தையும் ஒருக்கால் பார்த்து வருகிறேனென்று அப்பா சைக்கிளை எடுத்தாராம். "போட்டு வாறன்" என்று வாசலில் நின்று சொன்னாராம். அம்மா எனக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் அடம்பிடித்தேனாம். அந்தக் கோபத்தில் அம்மா நிமிர்ந்து பார்க்காமலே "ஓம் ஓம்" என்றிருக்கிறார். அப்பா செல்லடியில், குண்டு விழுந்து, போய்விட்டார். அங்கேயே எரித்துவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது.

திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கள் மட்டும் இருந்தன. கலியாண அல்பம் வைத்த றங்குப்பெட்டியும் இல்லை. அடையாள அட்டை அப்பாவோடு போனது. ஒரு படம் மிஞ்சவில்லை. அதனால் எங்கள் வீட்டுத் திவசத்தில் மாலை போட ஒரு முகம் இருக்காது. குத்துவிளக்கு இருக்கும், அவருக்குப் பிடித்த மரக்கறி இருக்கும், பக்கத்தில் வெற்றிலைத் தட்டம் இருக்கும். அதில் பாக்கோடு புகையிலைத் துண்டும் வைப்பார் அம்மா. "உது இல்லாட்டி அந்த மனிசன் திரும்பியும் பாராது" என்பார்.

படமில்லாத குறைக்கு அம்மாவிடம் இருந்தது என் நாடி. தலை இழுத்துப் பின்னிவிடும்போது அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சின்ன வயதில் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

போன வருடம், அப்பாவின் முகம் மங்கலாக மட்டும் ஞாபகமிருக்கிற கனடா அண்ணை ஒரு வேலை செய்தார். என் படத்தைக் கணினிக்குக் கொடுத்து, தலைமயிரைக் குறைத்து, மீசை வைத்து, "அப்பா இப்பிடித்தானே அம்மா?" என்று அனுப்பினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உது உவள்தான். மீசையோடை நிக்கிறாள்."

பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவள் எனக்கு ஞாபகம் வந்தாள். அண்ணை விடவில்லை. நெற்றியை ஏற்றினார், காதைப் பெருப்பித்தார், நிறத்தைக் கறுப்பாக்கினார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அம்மா, "ஏதோ ஒண்டு குறையுது" என்றார். என்ன குறையுதென்று சொல்லுங்கோவன் என்று அண்ணை ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"தெரியேல்லையடா" என்றார் அம்மா. "எனக்கே அவற்றை முகம் மறந்துபோச்சுது போலை." அழுதுவிட்டார். அதற்குப் பிறகு அண்ணை படம் அனுப்பவில்லை.

பல் டொக்டரிடம் அம்மாவும் கூடவே வந்தார், காவலுக்கு. என் வாயைப் பார்க்கமுதலே டொக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லைப் பிடுங்கினா பிள்ளையின்ரை நாடி மாறுமோ?"

"மாறினா நல்லது" என்றேன் நான்.

டொக்டருக்குச் சிரிப்பு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இஞ்சை பாருங்கோ அம்மா. பல்லு தாடைக்குள்ளை, கடைசி மூலையிலை கிடக்கு. முகத்தின்ரை வடிவம் எலும்பாலையும் சதையாலையும் வாறது. இதை எடுக்க நாடியும் ஒடுங்காது, சொக்கையும் குழிவிழாது. கொஞ்ச நாளைக்கு வீங்கும். பிறகு பழைய முகந்தான்."

"அப்ப மெலிஞ்சுபோனன் எண்டு படம் போட்டவள்?"

"வீக்கத்தோடை ஒண்டு, வீக்கம் வத்தினாப்போலை ஒண்டு எடுத்திருப்பா."

"கேட்டியோ?" என்று அம்மா என் தொடையில் தட்டினார். எனக்கு வந்த ஏமாற்றத்தில், பல்லைப் பிடுங்கப் போட்ட ஊசி நோகவேயில்லை.

மறுநாள் விடிய வலப்பக்கக் கன்னம், வாய்க்குள் தேசிக்காய் ஒன்றை ஒதுக்கி வைத்ததுபோல் வீங்கியிருந்தது. உப்புத்தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்பச் சொல்லியிருந்தார் டொக்டர். தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு, வாய் நிறையத் தண்ணீரோடு குசினி வாசலால் கிணற்றடிக்குப் போனேன்.

"நோகுதோடி?" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

வாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டிவிடும். நாடியை மேலே தூக்கி, "ம்ம்" என்றேன்.

அம்மா திரும்பினார். கையிலிருந்த அகப்பை நழுவி விழுந்தது.

"ஐயோ, கடவுளே!" என்றார். பிறகு மெதுவாக, "துப்பாதை. அசையாதை. அப்பிடியே நில்லு" என்றார். நான் பயந்துபோனேன். அம்மா கிட்ட வந்து, வீங்கிய கன்னத்தைத் தொடாமல், கையை அதன் அருகில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெத்திலையடி. கொப்பற்றை அந்தச் சொக்கைக்கை எந்த நேரமும் வெத்திலை கிடக்கும். நித்திரையிலையும் கிடக்கும். ஏதும் கேட்டா உப்பிடித்தான், நாடியைத் தூக்கி 'ம்ம்' எண்டுவார். அதை எப்பிடி மறந்தன்?"

ஒவ்வொரு திவசத்திலும் தன் கையாலேயே வெற்றிலையை எடுத்துவைத்த மனுசி. அதை அப்பாவின் பழக்கமென்றுதான் நினைத்திருந்தார், முகமென்று நினைக்கவில்லை.

தண்ணீரைத் துப்பிவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன். துவாய் தலையை மறைத்திருந்தது. நாடியைத் தூக்கினேன். கண்ணாடிக்குள் ஒரு தோட்டக்காரர், வாய் நிறைய வெற்றிலையோடு, என்ன பிள்ளை என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கண்டறியாத மனிதர். இத்தனை வருடமும் என் தோலுக்குள்ளேயே இருந்திருக்கிறார். ஒரு பல் போய் ஒரு வீக்கம் வந்ததும் இந்தா என்று வெளியே வந்து நிற்கிறார். கண்ணாடியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டேன்.

பின்னேரம் அண்ணை வீடியோவில் எடுத்தார். துவாயோடு நாடியைத் தூக்கிக் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்ட வந்து அப்படியே நின்றார். நெட்வேர்க் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவருடைய தோள் குலுங்கியது.

"உப்பிடியே ஒரு படம் எடு, தங்கச்சி. பெருசாப் பிறின்ற் எடுத்துத் திவசத்துக்கு வைப்பம்."

"பொத்தடா வாயை!" என்று அம்மா கைபேசிக்குள் பாய்ந்தார். "உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை படத்துக்கு மாலை போடுறதோ?"

அதனால் படம் எடுக்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கஞ்சி ஆற்றித் தந்துவிட்டு என் வலப்பக்கமாக வந்து இருப்பார். கிரைண்டர் போடவும் மறந்து, பூனைக்குச் சோறு வைக்கவும் மறந்து பார்த்தார். முதல்நாள் ஓடி ஓடி ஐஸ்கட்டி கொண்டுவந்தவர், பிறகு கொண்டுவரவேயில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்சம் நொந்தால் என்ன?

ஆனால் வீக்கம் தன்பாட்டில் வற்றியது. காலையில் இருந்தது பின்னேரம் இல்லை. டொக்டர் சொன்னதுபோல் பழைய முகம் வந்தது, நாடியில் ஒரு மாற்றமும் இல்லை. கன்னத்தில் கடைசியாக ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சமிருந்த அன்று நான் வேலைக்கு வெளிக்கிட்டேன்.

"போட்டு வாறன் அம்மா."

குசினிக்குள் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி அம்மா படலை வரைக்கும் ஓடி வந்தார். என் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். பஸ் கோன் அடித்துக்கொண்டு போனது. அவர் கண்ணெடுக்கவில்லை.

"போட்டு வாங்கோ" என்றார்.

எனக்கு அவர் ஒருநாளும் வாங்கோ சொன்னதில்லை, வாடிதான். நான் நாடியைத் தூக்கி, "ம்ம்" என்றேன்.