துரு கழுவிய தண்ணீர்

அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் ஒன்றரை வருஷம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் நின்றது. பஞ்சத்தில் மாடுகளை விற்றுவிட்டோம், அதனால் அதற்கு இடைஞ்சல் எதுவும் இல்லை. அப்பா அதன் மேல் சாக்கைப் போட்டு மூடி, சாக்கு பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்திருந்தார். அந்தப் பக்கம் போகிறபோது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போவோம்.

அண்ணன் விதைக் கம்பெனி ஒன்றில் விற்பனைக்கு இருந்தான். ஒருநாள் பொழுது சாயும் நேரம் பரளச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவன், முன்னால், கூரைக்குப் போடுகிற பனங்கைகளை ஏற்றிப் போன மாட்டு வண்டியைக் கவனிக்கவில்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பனங்கை அவன் நெஞ்சில் இறங்கிவிட்டது. அதே மாட்டு வண்டியில்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளை மறுநாள் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் முன்விளக்குக் கண்ணாடிகூட உடையவில்லை. அப்பாவால் தாங்க முடியாமல் போனது அதைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு, "இந்த வீட்டுல இனி ஒருத்தரும் அதுல ஏறக் கூடாது" என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் மழை என்பதே பேச்சுக்குத்தான் இருந்தது. அப்பாவுக்கு வத்தல், மல்லி வாங்கி விற்கிற கடை. காடு விளையாவிட்டால் கடைக்கு என்ன வரும்? தராசுத் தட்டில் பூனை படுத்துக் கிடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, பி.யு.சி. பெயில், வேலை இல்லை. அப்போதுதான் அண்ணனுடைய கம்பெனிக்காரர் சொல்லி அனுப்பினார். அவன் பார்த்த ஊர்களை எனக்கே தருகிறார்களாம். தை பிறந்ததும் அருப்புக்கோட்டைக்கு வந்து நிற்க வேண்டும், ஆனால் சொந்த வண்டியில் வந்து நிற்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆள் அவர்களுக்கு ஆகாது.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டாள். "போறவன் போயிட்டான். இருக்கிறவுக திங்கணும்ல" என்றாள். பெற்றவள் இப்படிச் சொல்வாளா என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவர்கள் அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அப்பா கடையில் இருக்கிறபோது சாக்கை எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பெட்ரோல் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. டேங்கைக் கழற்றி வாசலில் கவிழ்த்தேன். குபுகுபுவென்று கொட்டியது பெட்ரோல் இல்லை, தண்ணீர். செக்கச் செவேலென்று, செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர். மூடி திறந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரெல்லாம் துரு செதில் செதிலாகப் பெயர்ந்து, குழாய் ஓட்டையை அடைத்து நின்றது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரிசல், எங்கள் வீட்டில் செம்மண் இருந்தது அந்த டேங்குக்குள் மட்டும்தான்.

அம்மா ஓடி வந்தவள், மண்ணில் போகிற தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டாள். எங்கள் கிணறு உப்பு. வாயில் வைக்க முடியாது, துணி துவைத்தால் வெள்ளை பூக்கும். குடிக்கிற தண்ணீருக்கு ஊருணியும் வற்றிப்போய், குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாய் கட்டின மாட்டு வண்டியில் கொண்டுவருவார்கள். நல்ல தண்ணீர்க் குடங்களை அப்பா உள்ளறையில் வைத்துப் பூட்டி, டம்ளரால் அளந்து கொடுத்தார். அம்மா அரிசி களைவதற்குக்கூட அவரிடம் கேட்க வேண்டும்.

"யாரோ வேணும்னே ஊத்தியிருக்காக" என்றேன். கூரைக்கு அடியில் நின்ற வண்டிக்குள், மழையே இல்லாத ஊரில், வேறு எப்படித் தண்ணீர் போகும்?

அம்மா வாய்க்கு வந்தபடி சபித்தாள். "செத்தவன் வண்டியில கூடக் கை வச்சிருக்கானே. எந்தக் கை ஊத்துச்சோ அந்தக் கை வெளங்காமப் போகட்டும்." கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

டேங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போனேன். அங்கே மோட்டார் பட்டறைக்காரர் உள்ளே விரலை விட்டு எடுத்து, விரலைப் பார்த்துவிட்டு, "மழையில நின்னுச்சா?" என்று கேட்டார். "மழை எங்க பெஞ்சுச்சு?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. வேறு டேங்க் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வழி ஒன்று சொன்னார். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி ஊற வை, சரளைக்கல்லை உள்ளே போட்டுக் குலுக்கு, நல்ல தண்ணீரில் அலசு, வெயிலில் காய்ந்ததும் எண்ணெய் ஊற்றிச் சுற்று. அவ்வளவுதான். கேட்கிறபோது சாம்பார் வைக்கிற பக்குவம் போலத்தான் இருந்தது.

அம்மா ஊறுகாய்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கறுத்த புளியைக் கொடுத்தாள். "உங்க அப்பா கேட்டா பித்தளை வெளக்கன்னு சொல்லு" என்றாள். குழாய் ஓட்டையைத் தக்கையால் அடைத்து, புளித்தண்ணீரை ஊற்றி, ஓடைச் சரளையை இரண்டு கை அள்ளிப் போட்டேன். குலுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது, கல்லும் தண்ணீருமாக அது ஒரு கன்றுக்குட்டிக் கனம் இருந்தது. நாலு தரம் குலுக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். டேங்கைச் சாக்கில் சுற்றி, அவன் வண்டிக்கு அடியில் வைக்கோல் தொங்குகிற வலையில் கட்டிவிட்டேன். "ஏலே, இதுல என்ன வெண்ணெயா எடுக்கப் போற?" என்றான். குண்டாற்றுக்குப் போகிற பாதை முழுக்கக் குண்டும் குழியும். மாடு நடக்கிற நடைக்கு அது கடகடவென்று உருண்டுகொண்டே போய்த் திரும்பியது. எங்கள் ரோடு போடாதவர்களை நான் மனதார வாழ்த்தியது அந்த ஒரு தரம்தான்.

சாயங்காலம் கவிழ்த்தால் காப்பிச் சக்கை மாதிரி கொட்டியது. டார்ச் அடித்தேன், உள்ளே தகரம் பளபளத்தது. அப்பாவிடம் போய் அலசுவதற்கு நல்ல தண்ணீர் கேட்டேன். எதற்கு என்று அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்க்காமல், "குடிக்கவே காணோம். இரும்புக்கு எதுக்கு?" என்றார். தண்ணீர் தண்ணீர்தானே என்று கிணற்றில் இறைத்து அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் உள்ளே மறுபடியும் சிவப்பு. ஒரே ராத்திரியில் சுவர் முழுக்கப் பூத்துவிட்டது, ஓரத்தில் உப்பு வேறு வெள்ளையாக. பட்டறைக்காரர் நல்ல தண்ணீர் என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. என் கோபம் ஊருக்கே தெரிந்த கோபம். காலால் ஓங்கி ஒரு உதை விட்டேன், டேங்க் வாசலில் உருண்டு சுவரில் முட்டி நின்றது.

கடைக் கதவு திறந்தது. அப்பா வந்து நின்றார். "அத உதைக்காத" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரல் அது, அவரிடம் நான் கேட்டதே இல்லை. குனிந்து டேங்கை நிமிர்த்தி வைத்து, மேலே ஒட்டின மண்ணைத் துண்டால் துடைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா இருந்த புளியை வழித்துக் கொடுத்தாள், அதற்குப் பிறகு ரொம்ப நாள் வீட்டில் குழம்பு இல்லை. மறுபடி சரளை, மறுபடி மாட்டு வண்டி. இந்தத் தரம் அலசத் தண்ணீர் இல்லை என்றால் எல்லாம் வீண். அந்த வண்டிக்காரனிடமே ஒரு குடம் கெஞ்சி வாங்கலாம் என்றால், ஊர் முறை வைத்து ஊற்றுகிற தண்ணீர், அவன் கொடுத்தால் ஊர் அவனை உரித்துவிடும்.

கல்லைக் கொட்டிவிட்டு டேங்கை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள். அப்போது உள்ளறைப் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா தோளில் குடத்தோடு வந்தார். வீட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு குடம்தான்.

"பிடி" என்றார். நான் டேங்கின் வாயை நிமிர்த்திப் பிடித்தேன். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார். கை பழகின மாதிரி இருந்தது. நான் ஆட்டிக் கவிழ்த்தேன், மறுபடி ஊற்றினார். மூன்றாவது தரம் ஊற்றுகிறபோது, டேங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன தடவ ஊத்துனதும் நல்ல தண்ணிதான்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கவிழ்த்த அன்றைக்கு அந்தச் சிவப்புத் தண்ணீர் நின்ற சுவரில் உப்புப் பூத்திருக்கவில்லை. நல்ல தண்ணீர் இருந்த அறைக்குச் சாவி ஒன்றுதான், அது அவர் அரைஞாணில்தான் தொங்கியது. அதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"நான் சாபம் விட்டேனே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

"கேட்டேன்" என்றார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "ஒரு குடம் நல்ல தண்ணிய எதுக்குப்பா வீணாக்குனீக? கெணத்துத் தண்ணி ஊத்தியிருந்தாலும் வண்டி ஓடாதுல்ல?"

"உப்புத் தண்ணி ஊத்துனா தகரம் அரிச்சு ஓட்டையாப் போயிரும்லே" என்றார். "நீ ஏறக் கூடாதுன்னுதான் நெனைச்சேன். அது நாசமாப் போகணும்னு நெனைக்கல. அது அவன் வண்டி."

குடத்தைச் சரித்து அடியில் கிடந்ததையும் ஊற்றினார். கடைசியாக வந்த தண்ணீர் தெளிவாக வந்தது.

டேங்க் வெயிலில் காய்ந்தது. எண்ணெய் ஊற்றிச் சுற்றி, வண்டியில் மாட்டி, தை பிறந்ததும் அதில்தான் அருப்புக்கோட்டைக்குப் போனேன். அந்த வேலை எங்களைக் காப்பாற்றியது. நான் கிளம்புகிறபோது அப்பா கடையை விட்டு வெளியே வந்து பார்த்ததில்லை, சாகிற வரைக்கும்.

டேங்கை அலசின அன்றைக்குப் பொழுது இறங்கியும் தண்ணீர் வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. அம்மா சோற்றைப் போட்டாள். மூன்று பேரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். எனக்கும் அம்மாவுக்கும் குமட்டியது. அப்பா மட்டும் முகம் சுளிக்காமல் ஒரு செம்பு முழுக்கக் குடித்தார்.