நான் பொறாமைப்பட்ட அண்ணன்

அண்ணனின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி மதினி கேட்டார்கள். அண்ணனின் பெருமையை எழுதப் பலர் இருக்கிறார்கள். உடன்பிறந்த தங்கையான என்னிடம் இருப்பது பெரும்பாலும் பொறாமைதான். அதை மறைத்து எழுதினால் அண்ணனே நம்பமாட்டார். பொய்யைக் கண்டுபிடிப்பது அவர் தொழில்.

மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அடுத்துப் பிறந்தவள் நான். கிணறு வற்றிப்போன காலத்தில் அப்பாவால் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடிந்தது. அண்ணன் மதுரைக் கல்லூரிக்குப் போனார். நான் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். "படிப்புல எந்தங்கச்சிதான் கெட்டி" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் எரியும்.

காவல் பணித் தேர்வில் வென்று வடக்கே போனார். எண்பதுகள் முடியும் வரை ஊர் ஊராக மாற்றல். மொழி தெரியாத இடங்களில் சாட்சிகளோடு அவர்கள் பேச்சிலேயே பேசக் கற்றார். விசாரணைக்கு வந்தவர் மேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலைந்த மதினி பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் இங்கே எங்கள் பேண்டேஜ் துணித் தறிகளையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் குற்றப் புலனாய்வுக்கே தலைவரானார். பத்திரிகையில் படம் வந்தது. அன்றோடு ராஜபாளையம் கடைத்தெருவில் எனக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. "டெல்லி ஆபீசர் தங்கச்சியா? செத்த உக்காருங்க" என்பார்கள்.

பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார்கள். வைத்தியத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு எடுத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியது நான். கண் விழிக்கும்போதெல்லாம் அம்மா கேட்டது, "எம்புள்ள வந்துட்டானா?" அண்ணன் வருகிறார் என்றதும் அந்த வாடகை வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தோம்.

அண்ணன் வந்த மறுநாள் மாலை அந்தத் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு அடுக்களைக்கு வந்தவரின் முகம் சரியில்லை. கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த என் அருகில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒரு மோசடி வழக்கு. அதுல ஒரு பெரிய ஆளு பேரை எடுத்துருன்னு மேலருந்து சொல்லுதாக. மாட்டேன்னா பதவி போயிரும். செத்த நேரத்துல பதில் கேட்டு மறுபடி கூப்பிடுவாக. நீ என்ன சொல்லுத?"

"அந்த ஆளு செஞ்சது உண்மையா அண்ணே?"

"உண்மைதான். சாட்சி இருக்கு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பொறவு எதுக்கு எங்கிட்ட கேக்கிய? அந்த நாற்காலியை எனக்குக் குடுத்திருந்தா, நான் ஒருத்தர்கிட்டயும் யோசனை கேட்டிருக்க மாட்டேன்."

தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு அம்மா விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். மணி அடித்ததும் போய் எடுத்தார். ஆங்கிலத்தில் மளமளவென்று பேசியதில் அடிக்கடி வந்த "நோ சார்" மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த வாரமே அம்மா போய்விட்டார்கள், அண்ணன் மடியில். டெல்லி திரும்பியவர் அந்தப் பெயரை நீக்காமலே குற்றப்பத்திரிகையை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உடனே வேலையே இல்லாத ஒரு பதவிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நேர்மையை ஊரே மெச்சியது. எனக்கு அதிலும் பொறாமை. வேண்டாமென்று விட்டுவிட்டு வர அவருக்கு ஒரு பதவியாவது இருந்தது.

ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தார். பார்க்க வருகிறவர்களிடம், "அன்னைக்கு முடிவெடுத்தது நானில்ல, இவதான்" என்று என்னைக் காட்டுவார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இதயம் பலவீனமாகி, அதிகம் சிரமப்படாமல் போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணனுக்கு அங்கே வண்டி ஓட்டியவர் ஒருவர் விம்மி விம்மி அழுதார். நீண்ட பயணங்களில் அண்ணன் பாடிக்கொண்டே வருவாராம். எங்கள் வீட்டில் அவர் பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொலைவிலிருந்து வந்த அண்ணனின் தோழர்களே, நான் அறியாத அண்ணனோடு அத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் நன்றி. இப்போது எனக்குப் பொறாமை உங்கள் மேல்தான்.