முன்னால் நடப்பவரின் தோளில் கை

சினிமாவில் நடிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கனடாவில், புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் கூரையைத் திருத்துவதற்காக எங்களை மூன்று கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத் தேவாலயத்தில் எனக்குப் பின் வரிசை வாங்கில் இருக்கும் அண்ணை ஒருவர் வந்து கேட்டார். பழைய காலத்துச் சிறையைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் படம் எடுக்கிறார்களாம். கைதிகளாக நடக்க நாற்பது பேர் தேவையாம். மகள் இணையத்தில் பார்த்துவிட்டு அவரைக் கேட்காமலே பதிந்துவிட்டாளாம். தனியப் போகக் கூச்சமாக இருக்கிறது, நீரும் வாரும் என்றார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கனடியச் சிறையில் யாழ்ப்பாணத்தார் இரண்டு பேருக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதை அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். முகம் தெரியாதாம், மெலிந்த ஆட்கள்தான் தேவையாம். மெலிவில் எங்கள் இருவரிடமும் குறை காண முடியாது.

அவரை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். டவுன்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். நான் ஊரில் சண்டை பெருக்க முன்னமே சின்னப் பிள்ளையாக இங்கே வந்துவிட்டேன். அவர் எப்போது வந்தார், அதற்கு முன் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது.

படப்பிடிப்பு ஒரு பழைய கல் கட்டடத்தில் நடந்தது. வெளியே பெப்ரவரி, உள்ளேயும் பெப்ரவரி. கோடு போட்ட கம்பளி உடுப்பும் தொப்பியும் தந்தார்கள். நடை பழக்குவதற்கு ஒரு பெண் வந்திருந்தார், சரித்திரம் படித்தவர். கைதிகள் அந்தக் காலத்தில் எங்கே போனாலும் இப்படித்தான் நடத்தப்பட்டார்கள் என்று விளக்கினார். வலது கை முன்னால் நிற்பவரின் தோளில் இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே காலை ஒரே நேரம் தூக்கவேண்டும். முகத்தை வலது பக்கம், காவலாளி நிற்கும் பக்கம், திருப்பி வைத்திருக்கவேண்டும். கைதிகள் ஒருவரோடொருவர் கதைக்கக்கூடாது என்பது சட்டம், ஆகவே உதடு அசைகிறதா என்று காவலாளிக்குத் தெரியவேண்டும்.

அண்ணைக்குப் பிரெஞ்சு குறைவு. அதனால் அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். கதைக்கக்கூடாத வரிசையில் கதைத்த ஒரே கைதி நான்தான். எனக்குப் பின்னால் நின்ற அண்ணை என் தோளில் கையை வைத்தபடி சொன்னார்: "சொல்லத் தேவையில்லை தம்பி. விளங்குது."

முதல் நடையிலேயே வரிசை மூன்று துண்டாகியது. மாணவர்கள் சிலர் முன்னால் போகிறவரின் குதிக்காலை மிதித்துவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் துண்டு மட்டும் உடையவில்லை. அதற்குக் காரணம் நான் அல்ல. என் தோளில் இருந்த கை, கால் மாறவேண்டிய நேரத்தை ஒரு கணம் முன்னமே எனக்குச் சொன்னது. நான் அதற்குக் கீழ்ப்படிந்தேன், எனக்கு முன்னால் போனவர் எனக்குக் கீழ்ப்படிந்தார். பழக்கிய பெண் எங்களைக் காட்டி, இவர்களைப் போல நடவுங்கள் என்றார். மெலிவைத் தவிர வேறொன்றுக்கு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அடுத்த நாள் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. நடக்கும்போது ஒருவர் விழவேண்டும், வரிசை நிற்கவேண்டும், காவலாளி ஓடிவந்து அடிக்கவேண்டும். நன்றாக நடக்கிறவர் விழுந்தால் நன்றாக இருக்கும் என்று அண்ணையைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"விழமாட்டன் எண்டு சொல்லும்," என்றார் அண்ணை. நான் அதைச் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு வழமையில்லாமல் நீளமாகக் கதைத்தார். "வரிசை நிக்காது எண்டும் சொல்லும். நிண்டா ரெண்டு பேருக்கும் அடி. தோளில கிடக்கிற கை அப்பிடியே சட்டைக் கழுத்துக்குப் போகும். கால் மாறாமல் தூக்கிக்கொண்டு நடக்கவேணும். காவலுக்கு நிக்கிறவனுக்குத் தெரியவே கூடாது."

இதையும் சொன்னேன். இயக்குநர் பழக்கிய பெண்ணைப் பார்த்தார். தான் வாசித்ததில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் எழுதியவர்கள் காவலாளிகளின் பக்கம் நின்றவர்கள் என்றார் அவர். இயக்குநர், அப்படியே செய்வோம் என்றார். இப்போது விழுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

"நீர் விழும்," என்றார் அண்ணை. "மிச்சத்தை நான் பாக்கிறன்."

பதினொரு தரம் விழுந்தேன். பதினொரு தரமும் முழங்கால் கல்லில் படமுன் கழுத்துப் பட்டி இறுகியது, கால் சரியான காலாகவே நிலத்துக்கு வந்தது. ஏழாவது தரம் விழவேண்டிய இடத்துக்கு முன்னமே உண்மையாகவே தடுக்கி விழப்பார்த்தேன். அதையும் தூக்கினார். யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அவராகச் சொன்னார். இங்கே வரமுன் இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்தாராம். காலையில் எண்ணிக்கைக்கும், சாப்பாட்டுக்கும், விசாரணைக்கும் முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து வரிசையாகத்தான் போகவேண்டுமாம். காய்ச்சலோடு நடந்த ஒருநாள் கால் மடிந்துவிட்டதாம். பின்னால் வந்தவர் தூக்கி நடக்கவைத்தாராம்.

தூக்கியவர் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கேலாது, தம்பி. ஆர் தூக்கினதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது." பேருந்து ஒரு தரிப்பில் நின்று புறப்பட்டபின் மேலும் சொன்னார், மனைவிக்கு இது தெரியாது என்று. சொல்லவேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

படம் அடுத்த வருடம் வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணை, மனைவி, மகள், நான் நாலு பேரும் போனோம். வாக்குக் கொடுத்தபடியே முகம் தெரியவில்லை. விழுந்ததும் எழும்பியதும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் சோளப்பொரி சாப்பிட்டவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆகவே சரியாகத்தான் செய்திருக்கிறோம். மகள் மட்டும் குனிந்து, அந்தக் கை யாருடையது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"என்ர," என்றார் அண்ணை.

இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டாள். மெட்ரோ நிலையம் வரை அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனார். மனைவி அடுத்த பக்கம் நடந்து வந்தா. நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறேன் என்று பின்னால் நின்றுவிட்டேன். திரும்பவும் அவர்களைப் பார்த்தபோது மனைவி அவருடைய கையைப் பிடித்திருந்தா. மூன்று பேரும் கால் சேராமல் ஆளுக்கொரு நடையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

சென்ற மாதம் இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டார்கள், ஆஸ்பத்திரி நோயாளிகளாக. அண்ணை ஓம் என்று சொல்லிவிட்டார். முழுக்கப் படுத்திருக்கும் வேலைதானா என்று என்னைக்கொண்டு இரண்டு தரம் கேட்பித்த பிறகு.